மென்பொருள் போடும் இன்டக்ரேஷனை எவ்வளவு நம்பலாம்? – கேள்வி பதில்

கேள்வி: மேக்ஸிமா என்ற கணித மென்பொருளில் ஒரு தொகையீடு (இன்டக்ரேஷன்) கொடுத்தேன். கேட்டதையே திருப்பிக் காட்டுகிறது. அப்போ விடையே கிடையாதா?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. தனக்குத் தெரிந்த வழிகளில் வரவில்லை என்கிறது, அவ்வளவுதான். அடிப்படைச் சார்புகளில் (அடுக்கு, மடக்கை, சைன், காஸ் போன்றவற்றால் எழுதக்கூடியவை) விடை உண்டா இல்லையா என்று தீர்த்துச் சொல்லும் முறையைக் கணிதவியலாளர் ராபர்ட் ரிஷ் 1969-ல் வெளியிட்டார். ஆனால் வர்க்கமூலமும் மடக்கையும் கலந்து வந்தால் அதை நிரலாக எழுதுவது பெரும்பாடு. பல மென்பொருள்களில் அதன் ஒரு பகுதிதான் இருக்கிறது.

கேள்வி: பார்த்தாலே கஷ்டமா சுலபமா என்று சொல்ல முடியாதா சார்?

பதில்: முடியாது. எக்ஸ் / √(எக்ஸ்⁴ + 10எக்ஸ்² − 96எக்ஸ் − 71) என்பதற்கு மடக்கை வடிவில் நீளமான விடை ஒன்று உண்டு. 71-ஐ 72 ஆக்குங்கள், அடிப்படைச் சார்புகளில் விடை இல்லாமல் போய்விடும்!

கேள்வி: 1/(2 + காஸ் எக்ஸ்)-ஐ 0 முதல் 2π வரை தொகையிட வேண்டும். மென்பொருள் தந்த சூத்திரத்தில் எல்லைகளைப் போட்டால் 0 வருகிறது. பிழையா?

பதில்: இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்தேன். உங்களுக்கு வந்த சூத்திரம் (2/√3) × டேன் இன்வர்ஸ்(டேன்(எக்ஸ்/2)/√3) ஆக இருக்கும். வகையிட்டுப் பாருங்கள், சரியாகவே வரும். சிக்கல் π-இல் இருக்கிறது. அங்கே டேன்(எக்ஸ்/2) முடிவிலிக்குப் போவதால், இடப்பக்கம் 1.814-ஐ நெருங்கும் சூத்திரம் வலப்பக்கம் −1.814-இலிருந்து தொடங்குகிறது. தொகையிடும் சார்பில் எந்த முறிவும் இல்லை, தாவல் சூத்திரத்தில்தான். π-இல் இரண்டாகப் பிரித்துப் போட்டால் 2π/√3, சுமார் 3.628 வரும். இன்னொன்று, அந்தச் சார்பு எங்கேயும் 1/3-க்குக் கீழே இறங்காது. அப்புறம் விடை எப்படி 0 ஆகும்? என்டர் தட்டுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

கேள்வி: எக்ஸ் அடுக்கு என் (xⁿ) என்பதைத் தொகையிடக் கொடுத்தால், n = −1 என்ற நிலையைச் சொல்வதே இல்லையே?

பதில்: பல மென்பொருள்கள் பொதுவான நிலைக்கு மட்டும் பதில் தரும். விதிவிலக்கு உங்கள் பொறுப்பு.

கேள்வி: புத்தக விடை வேறு, மென்பொருள் விடை வேறு. எது சரி?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம், மாறிலியில் மட்டும் வேறுபடலாம். கழித்துச் சுருக்கிப் பாருங்கள். சுருங்காவிட்டால் உடனே தப்பு என்று முடிவுகட்டாதீர்கள். ஒரு கோவை பூச்சியமா என்று எப்போதும் கண்டுபிடிக்கும் பொதுவழியே கிடையாது என 1968-ல் ரிச்சர்ட்சன் என்ற கணிதவியலாளர் நிரூபித்துவிட்டார். வித்தியாசத்தில் நாலைந்து எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மதிப்பு வந்தால் பெரும்பாலும் மாறிலிதான். சில இடங்களில் மட்டும் மதிப்பு மாறினால், மேலே சொன்ன மாதிரி நடுவில் தாவல் இருக்கிறதா என்று தேடுங்கள்.