பல்கலைக்கழகங்களின் பசுமை முயற்சிகளால் வளாகத்துக்கு வெளியே யாருக்காவது பயன் உண்டா?

மரம் நடுகிறார்கள், பிளாஸ்டிக்கைத் தடை செய்கிறார்கள், மாடியில் சோலார் வைக்கிறார்கள், இதெல்லாம் மதில் சுவரைத் தாண்டிப் போகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். போகும் என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் எல்லா முயற்சியும் போகாது. நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

கோவையில் வேளாண்மை படித்துவிட்டு மேற்படிப்புக்குக் கார்னெல் பல்கலைக்கழகம் போனேன். அது நியூயார்க் மாநிலத்தில் இத்தாக்கா என்ற சிறிய ஊரில், ஒரு மலை மேல் இருக்கிறது. கீழே கயூகா ஏரி. சுமார் 60 கி.மீ. நீளம், ஆழமான இடத்தில் 400 அடிக்கு மேல். பனி கொட்டும் ஊரில் ஏசி எதற்கு என்று நினைப்பீர்கள். கோடையில் அங்கேயும் புழுங்கும். அதைவிட, ஆய்வுக்கூடங்களும் கணினி அறைகளும் வருடம் முழுக்கக் குளிர்ச்சி கேட்கும்.

1990களில் கார்னெலின் பழைய சில்லர்கள், அதாவது ஏசிக்கான நீரைக் குளிர்விக்கும் பெரிய இயந்திரங்கள், ஓடியது ஓசோனை அரிக்கும் சிஎஃப்சி வாயுவில். ஓசோன் படலத்தைக் காக்க மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி வளர்ந்த நாடுகள் அந்த வாயுவின் உற்பத்தியையே நிறுத்திவிட்டன. எப்படியும் இயந்திரங்களை மாற்றியாக வேண்டும். புது சில்லர் வாங்கிப் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் ஏரியைப் பார்த்தார்கள்.

தண்ணீர் மிக அடர்த்தியாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். அதனால் குளிர்காலத்தில் குளிர்ந்த நீர் அடியில் போய்த் தங்கிவிடும். ஆகஸ்ட் மாத வெயிலிலும் அங்கே 4 டிகிரிதான். சுமார் 250 அடி ஆழத்தில் இருக்கும் அந்த நீரை 3 கி.மீ. நீளக் குழாயில் கரைக்குக் கொண்டுவந்தார்கள். 2000ஆம் ஆண்டு கோடையில் இந்த ஏற்பாடு வேலை செய்யத் தொடங்கியது.

மாணவர்களோடு போய் அந்தக் கரையோரக் கட்டிடத்தைப் பார்த்தேன். பிரம்மாண்டமாக ஏதோ இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால், பம்புகளும் தடித்த குழாய்களும் மட்டும்தான். கம்ப்ரஸர் கிடையாது. மெல்லிய உலோகத் தகடுகளை வரிசையாக நெருக்கி அடுக்கியிருக்கிறார்கள். தகட்டின் ஒரு பக்கம் ஏரி நீர், மறுபக்கம் வளாகத்திலிருந்து சுற்றி வரும் நீர். சூடு மட்டும் தகட்டைத் தாண்டும், இரண்டு நீரும் கலக்காது. மலைக்கு எப்படி ஏற்றுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். மூடிய சுற்று என்பதால் இறங்கும் நீரின் எடையே ஏறும் நீருக்கு ஈடாகிவிடுகிறது. குழாயின் உராய்வைத் தாண்டத் தள்ளினால் போதும். குளிரூட்டலுக்கு ஆன மின்சாரத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் மிச்சம்.

சரி, இதில் ஊருக்கு என்ன? ஏரியிலிருந்து மலைக்குப் போகும் வழியில் இத்தாக்கா உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அந்தப் பள்ளிக்கும் அதே குழாயிலிருந்து குளிர்நீர் போகிறது. மதில் தாண்டிய பயன் என்று நேராகக் கை காட்டக்கூடிய ஒன்று இது.

ஆனால் ஊர் முழுக்கக் கைதட்டி வரவேற்ற திட்டம் இல்லை. கடும் எதிர்ப்பு இருந்தது. அந்த எதிர்ப்பும் இதன் தாக்கத்தில் சேர்த்தி என்றே சொல்வேன். அடியாழத்து நீரில் கரைந்த பாஸ்பரஸ் உண்டு. சூட்டை வாங்கிக்கொண்ட பிறகு அந்த நீரை விடுவது ஏரியின் ஆழம் குறைந்த தென்முனையில். ஏற்கெனவே பாசி பிரச்சினை உள்ள இடம் அது. பயிருக்கு டிஏபி உரம் எதைச் செய்கிறதோ அதையேதான் பாஸ்பரஸ் பாசிக்கும் செய்யும். கரையோர மக்களின் கவலை நியாயமானது. எங்கள் ஏரியை உங்கள் மின்கட்டணத்துக்காக ஏன் பயன்படுத்துகிறீர்கள் என்று அவர்கள் கேட்டது எனக்கு இன்றும் சரியான கேள்வியாகவே படுகிறது.

அந்தக் கேள்வி வீண்போகவில்லை. நீரை ஏரியில் விடும் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது மாநிலச் சுற்றுச்சூழல் துறை பாஸ்பரஸுக்கு வரம்பு வைத்தது. ஏரி முழுவதையும் ஆராயும் செலவைக் கார்னெல் ஏற்க வேண்டும் என்றும் நிபந்தனை போட்டது. ஆராய்ந்ததில், பாஸ்பரஸில் பெரும்பங்கு நிலப்பகுதியிலிருந்து ஓடைகள் அடித்து வருவது என்று தெரிந்தது. சண்டை நடந்திருக்காவிட்டால் அந்த ஏரியை இவ்வளவு கவனமாக யார் அளந்திருப்பார்கள்? அப்புறம், குழாயின் வாயில் ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள். ஆழத்தில் வாழும் சின்ன இறால் வகை ஒன்று வெளிச்சத்தைக் கண்டால் விலகிப் போகும், உள்ளே இழுபடாது. அந்த விளக்கு எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

2004இல் டொரோண்டோ நகரமும் ஒன்டாரியோ ஏரியை வைத்து இதே வேலையைத் தொடங்கியது. அங்கே இன்னும் அருமையான ஏற்பாடு: ஆழத்து நீரை ஏரிக்குத் திருப்பி விடுவதில்லை, அது குடிநீராக ஊருக்குள் போய்விடுகிறது. டொரோண்டோவில் இருக்கும் நம்மவர்கள் குடிக்கும் தண்ணீர் வழியில் சில அலுவலகங்களைக் குளிர்வித்துவிட்டு வந்திருக்கலாம்.

கார்னெல் எல்லாவற்றையும் சாதித்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. நிலக்கரியை 2011இல் விட்டார்கள், ஆனால் குளிர்காலத்தில் கட்டிடங்களைச் சூடாக்குவது இன்னும் பெரும்பாலும் இயற்கை எரிவாயுதான். 2035க்குள் கார்பன் சமநிலை, அதாவது நிகரக் கார்பன் வெளியீடு பூஜ்யம், என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். பூமியின் அடிச்சூட்டைப் பயன்படுத்த முடியுமா என்று பார்க்க 2022இல் வளாகத்திலேயே ஏறக்குறைய 3 கி.மீ. ஆழத்துக்குத் துளை போட்டார்கள். இப்படிப்பட்ட பரிசோதனையைப் பல்கலைக்கழகம் செய்வதுதான் பொருத்தம். கட்டிடம், குழாய், மின்நிலையம் எல்லாம் ஒரே கையில் இருக்கிறது. முப்பது வருடம் கழித்துத் திரும்பும் பணத்துக்காகக் காத்திருக்க முடிகிறது. அளந்ததை ஒளிக்காமல் வெளியிட வேண்டிய கடமையும் இருக்கிறது.

அதனால் உங்கள் பல்கலைக்கழகத்தில் எத்தனை கன்று நட்டார்கள் என்பதை விட்டுவிடுங்கள். இபி பில்லைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஏசிக்கு எவ்வளவு, போர்வெல் மோட்டாருக்கு எவ்வளவு என்று யாராவது பிரித்துப் பார்த்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஹாஸ்டல் கழிவுநீர் எந்தக் கால்வாயில், எந்த ஊர் ஏரியில் போய்ச் சேர்கிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். போர்வெல் போட்ட பிறகு பக்கத்துத் தெருக்காரர்களின் கிணறு எப்படி இருக்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள். உங்கள் கேள்விக்கான பதில் பாதி அவர்களிடம்தான் இருக்கிறது.