பச்சைப் புள்ளி தலைமைத்திறனைக் காட்டுமா?

கேள்வி: கோவையில் வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்க்கிறேன். எனக்குக் கீழே ஐந்து பேர் கொண்ட டீம். அப்ரைசலில் 'தலைமைப் பண்பு' 5-க்கு 2 போட்டுவிட்டார்கள். "ஆன்லைனில் குறைவாகத் தெரிகிறீர்கள்" என்பது மேலாளரின் விளக்கம். 18,000 ரூபாய் கட்டினால் லீடர்ஷிப் சான்றிதழ் தருவதாக ஒரு பயிற்சி மையம் சொல்கிறது. சேரலாமா?

பதில்: பணம் கட்டாதீர்கள். இத்தகைய சான்றிதழோடு விற்கப்படும் ஆளுமைத் தேர்வுகளில் பலவும் உங்களைப் பற்றி நீங்களே சொன்ன பதில்களைக் கலர் படமாக்கித் திருப்பித் தருபவைதான். ஒருவரின் குணத்தை வகைப்படுத்தும் பிரபலமான எம்.பி.டி.ஐ. தேர்வையே வேலைக்கு ஆள் எடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்று அதற்குப் பொறுப்பான அமைப்பே சொல்கிறது. "உங்க ஹெச்.ஆரோட டை-அப் இருக்கு சார்" என்று ஏஜென்ட் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். அப்புறம் போன் வராது.

மைக்ரோசாஃப்டின் அலுவலக அரட்டைச் செயலியான டீம்ஸில் ஐந்து நிமிடம் கம்ப்யூட்டரைத் தொடாவிட்டால், நீங்கள் ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். திணறும் ஜூனியரிடம் அரை மணி நேரம் செல்போனில் பேசிக்கொண்டிருந்தாலும் கணக்கில் நீங்கள் ஆளில்லை! ஊழியர் பெயரோடு இத்தகைய கணக்குகளைக் காட்டிய மைக்ரோசாஃப்டே 2020-ல் எதிர்ப்பு கிளம்பியதும் பெயர்களை எடுத்துவிட்டது. நம் மேலாளர்களுக்கு மட்டும் இன்னும் புள்ளி மேல்தான் கண்.

கூகுள் 2008-ல் தொடங்கிய ஆய்வில், கற்றுக்கொடுப்பதும் நொய்நொய்யென்று தலையிடாததும் நல்ல மேலாளரின் அடையாளங்களாகத் தெரிந்தன. நீங்கள் காட்ட வேண்டியதும் அதைத்தான். நீங்கள் லீவில் இருந்த வாரம் வேலை நகர்ந்ததா? சிக்கிக்கொண்டவர் எவ்வளவு நேரத்தில் வாய் திறந்து கேட்கிறார்? ஆறு மாதத்துக்கு முன் உங்களிடம் வந்த முடிவுகளில் எவற்றை இப்போது அவர்களே எடுக்கிறார்கள்? தேதியோடு ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்.

டீமிடம் பெயரில்லாமல் கருத்து கேட்பது பொதுவாக நல்ல வழி. உங்களுக்கு அது ஒத்துவராது. ஐந்து பேரில் யார் தங்கிலீஷில் எழுதுவார், யார் 'கைண்ட்லி' போடுவார் என்று உங்களுக்கே தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். எல்லோரும் 'சூப்பர்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். பெயரை மறைத்தாலும், பதில்களைக் கலைத்துப் போட்டாலும் இதே கதைதான். உங்கள் மேலாளருக்கும் மேலே இருப்பவர் ஐந்து பேரிடமும் தனித்தனியே பேசட்டும். பேசியதன் சாரம் மட்டும் உங்களுக்கு வரட்டும்.

அடுத்த சுற்று தொடங்கும் முன்பே எதை வைத்து மதிப்பெண் போடுவார்கள் என்று மெயிலில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னது அப்ரைசல் நேரத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.