பழ-சீஸ் குச்சி: சுங்கை சிப்புட் வாசகிகளின் கேள்விகள்

கே: தோட்ட மண்டபத்தில் பிறந்தநாள் விருந்து, 30 பிள்ளைகள். சீஸ் எவ்வளவு வாங்கலாம்?

ஆளுக்கு 2 குச்சி, குச்சிக்கு சீஸ் 2 துண்டு, பழம் 3 துண்டு என்று வையுங்கள். 250 கிராம் செடார் கட்டியை ஒன்றரை சென்டிமீட்டர் கட்டங்களாக வெட்டினால் ஏறக்குறைய 60 துண்டு வரும். ஆக, 2 கட்டி போதும். ரொட்டிக்கு வைக்கிற ஸ்லைஸ் வேண்டாம், குச்சியில் நிற்காது. நன்கு முதிர்ந்த செடார் குத்தும்போது பிளந்துவிடும். மைல்ட் வகைதான் சரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் வெட்டி, 10 நிமிடம் வெளியில் விட்டு, குச்சியைத் திருகித் திருகி இறக்குங்கள்.

கே: திறந்த இல்ல உபசரிப்புக்கு முந்தின இரவே அன்னாசியும் சீஸும் கோத்து வைத்தேன். காலையில் சீஸ் கொழகொழத்து, கசந்தது. கெட்ட சீஸா?

சீஸ்மேல் பழி போடாதீர்கள். சூடுபடாத அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை அறுக்கும். அன்னாசி தின்றபின் நாக்கு சுரீரென்பதிலும் அதற்குப் பங்குண்டு. சீஸின் புரதம் இரவு முழுக்க அறுபட்டதால்தான் இளகியது. அறுபட்ட துணுக்குகள்தான் கசந்தன. டின் அன்னாசியில் இந்தத் தொல்லை இல்லை, டின்னில் அடைக்கும்போது ஏறும் சூட்டிலேயே நொதி செத்துவிடும். புதுப்பழம்தான் வேண்டுமென்றால் துண்டுகளை எண்ணெயில்லாத சட்டியில் நடுவரை சூடேறப் புரட்டி, நன்றாக ஆறவைத்துக் கோத்துவிடுங்கள். அதற்கும் நேரமில்லையா? பரிமாறப் போகும்போது கோத்து, இடையில் ஒரு திராட்சையைச் செருகுங்கள்.

எங்களைக் கேட்டால், ஸ்ட்ராபெரிக்குக் காசைக் கொட்டுவதைவிட பீடோர் பக்கத்து விதையில்லாக் கொய்யாவே மேல். மொறுமொறுப்பு, நீர் குறைவு, சீஸோடு பொருந்தும். அசாம் போய் (உப்பிட்டு உலர்த்திய பிளம்) பொடியை மட்டும் மேலே தூவிவிடாதீர்கள். அதிலுள்ள உப்பு பழத்தின் நீரை இழுத்துத் தட்டையே குளமாக்கும். தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

கே: சாத்தே குச்சி கூராக இருக்கிறதே?

கோத்து முடித்தபின் முனையை நறுக்குங்கள். முன்பே நறுக்கினால் சீஸில் இறங்காது. நறுக்கிய இடத்தில் சிலாம்பு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் குச்சியே வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காகப் பிளந்து, சீஸை மெல்லிய பட்டையாக்கிக் கிண்ணத்தில் கொடுங்கள். முழுத் திராட்சை சின்னத் தொண்டையை அடைத்துவிடும்.

கே: காலையில் செய்து பிற்பகல் 3 மணிக்கு வைக்கலாமா? ஆப்பிளும் சேர்க்கிறேன்.

ஃபிரிட்ஜில் இருந்தால் தாராளமாக. மேசையில் 2 மணி நேரம்தான் கணக்கு, 32 டிகிரிக்கு மேலென்றால் 1 மணி நேரம். தகரக் கூரை மண்டபத்தில் பிற்பகல் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இருபது இருபதாக வெளியே எடுங்கள். ஆப்பிளை 1 லிட்டர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து 5 நிமிடம் போட்டு, துடைத்துக் கோத்துவிடுங்கள், சீக்கிரம் கறுக்காது. தர்பூசணி நீர் விடும், தனித் தட்டுக்கு அனுப்புங்கள்.

கே: சைவம் சாப்பிடுகிறவர்களும் வருகிறார்கள். ஹலால் முத்திரை இருந்தால் போதுமா?

போதாது. பாலைத் திரியவைக்கும் ரென்னட் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படுகிறது. முறைப்படி அறுத்த கன்றாக இருந்தால் ஹலால் ஆகலாம், சைவம் ஆகாது. உறையில் மைக்ரோபியல் ரென்னட் (நுண்ணுயிரிலிருந்து எடுத்தது) என்றிருக்கிறதா பாருங்கள். இந்தியாவிலிருந்து வரும் சைவ சீஸில் பச்சைப் புள்ளி இருக்கும். வெறுமனே ரென்னட் என்று மட்டும் போட்டிருந்தால் அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடுங்கள்.