ஜாஸில் ஒலித்த தமிழ், என்விடிஏ-வில் ஒலிக்கவில்லையா?

ஜாஸ், என்விடிஏ இரண்டும் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள். ஜாஸிலிருந்து என்விடிஏ-வுக்கு மாறியபின், நோட்பேடில் தமிழ் வரி வந்ததும் அது மௌனமாகிவிடுகிறது என்றீர்கள். என்விடிஏ ஓடும்போது கண்ட்ரோல் + இன்செர்ட் + எஸ் அழுத்துங்கள். வரும் பட்டியலில், எழுத்தைப் பேச்சாக்கும் ஈஸ்பீக் என்ஜி-யைத் தேர்ந்தெடுத்து என்டர். பிறகு கண்ட்ரோல் + இன்செர்ட் + வி அழுத்தி, குரலைத் தமிழுக்கு மாற்றுங்கள். அந்த மௌனம் சரியாகிவிடும்.

உங்கள் கோப்பில் பழுது இருக்க வாய்ப்பில்லை. ஜாஸில் நீங்கள் வைத்திருந்த குரல் அமைப்பு என்விடிஏ-வுக்குத் தானாக வராது. இப்போது ஆங்கிலக் குரல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அதற்குத் தமிழ் எழுத்து தெரியாததால் தாண்டிப் போய்விடுகிறது. இணையப் பக்கத்தில் ‘இது தமிழ்’ என்ற மொழிக் குறி இருந்தால் குரல் தானே மாறக்கூடும். நோட்பேடில் அப்படிக் குறியே கிடையாது.

சோதிக்க, ‘அம்மா phone’ என்று தட்டி, அம்புக்குறியால் எழுத்தெழுத்தாக நகருங்கள். ஆங்கில எழுத்துகள் மட்டும் கேட்டால் குரல்தான் காரணம்.

ஈஸ்பீக் தமிழ் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும், காது பழகச் சில நாள் பிடிக்கும். நீண்ட வாசிப்புக்கு விண்டோஸின் ‘வள்ளுவர்’ குரல் இதமானது. விண்டோஸ் மொழி அமைப்பில் தமிழ்ப் பேச்சைச் சேர்த்தால் கிடைக்கும்.

ஒன்று மட்டும்: ஜாஸை இன்செர்ட் + எஃப்4 அழுத்தி மூடிவிட்டே என்விடிஏ-வைத் திறங்கள். இரண்டும் சேர்ந்து ஓடினால் விசைகள் குழம்பும்.