ரத்தமா, நாற்காலியா?

கேள்வி: இங்கிலாந்தின் செசில் குடும்பம் முதலாம் எலிசபெத் காலத்திலிருந்து 400 வருஷமாக அரசியலில் கொடிகட்டிப் பறந்திருக்கிறது. திறமை ரத்தத்தில் ஊறியிருந்தால்தானே இது நடக்கும்? வாரிசு என்றாலே ஏன் முகம் சுளிக்கிறீர்கள்?

பதில்: ரத்தம்தான் காரணம் என்றால், 1612-க்குப் பிறகு அது எங்கே போயிற்று? பர்லி பிரபுவான வில்லியம் செசில் 40 வருஷம் எலிசபெத்துக்கு வலக்கையாக இருந்தார். மகா கெட்டிக்காரர், மறுக்கவில்லை. அவருடைய இளைய மகன் ராபர்ட், முதலாம் ஜேம்ஸ் சண்டை சச்சரவின்றி அரியணை ஏற வழி செய்தார். 1605-ல் சாலிஸ்பரி பிரபு ஆனார். 1612-ல் அவர் இறந்தபின் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கிளையில் முதல் வரிசைத் தலைவர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஆனால் ஹாட்ஃபீல்டு மாளிகை, நிலபுலன், பிரபுக்கள் சபை இடம் எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிக்கொண்டே வந்தன. திறமை தூங்கினாலும் நாற்காலி காத்திருந்தது.

அப்புறம் வந்தவர்தான் மூன்று முறை பிரதமரான மூன்றாவது சாலிஸ்பரி (பட்டம் 'மார்க்விஸ்' என்று உயர்ந்த பிறகு வந்த எண்ணிக்கையில் மூன்றாவது). நல்ல மூளைக்காரர், கூர்மையான பேனா. சரி, அரசியலுக்குள் எப்படி வந்தார்? 1853-ல், 23 வயதில், ஸ்டாம்ஃபோர்டு தொகுதியில் போட்டியே இல்லாமல் ஜெயித்தார். அந்தத் தொகுதி எக்ஸெட்டர் பிரபுவின் பிடியில் இருந்தது. எக்ஸெட்டர் பிரபுக்கள் யார்? பர்லியின் மூத்த மகன் தாமஸின் வம்சம். 16-ஆம் நூற்றாண்டில் பிரிந்த பங்காளிகள், 19-ஆம் நூற்றாண்டிலும் ஒருவருக்கொருவர் கைகொடுத்தார்கள்.

1866-ல் அவர் பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்கான அமைச்சர் ஆனபோது ஒரிசாவில் பஞ்சம். முதல் இரண்டு மாதம் அவர் எதுவும் செய்யவில்லை. அதற்காகப் பிற்பாடு தன்னையே நொந்துகொண்டார். ஆனால் அண்ணன் இறந்து, அப்பாவும் இறந்ததும் 1868-ல் பட்டம் தானாக வந்தது. அதன்பின் ஓட்டுக் கேட்டு எவர் வாசலிலும் அவர் நிற்க வேண்டியிருக்கவில்லை. 1874-ல் மறுபடி இந்திய அமைச்சர். சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் லட்சக்கணக்கானவர்களைக் கொன்றது அந்தக் காலத்தில்தான். மூன்று முறையும் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்தபடியே பிரதமராக இருந்தார். ஒரு கறுப்பு மனிதரை பிரிட்டிஷ் தொகுதி எதுவும் தேர்ந்தெடுக்குமா என்று 1888-ல் தாதாபாய் நௌரோஜியைப் பற்றி மேடையில் பேசியவரும் இவரே. மக்களிடம் போய் ஓட்டுக் கேட்ட நௌரோஜி, 1892-ல் ஃபின்ஸ்பரியில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துக் காட்டினார்.

1887-ல் அக்கா மகன் ஆர்தர் பால்ஃபரை அயர்லாந்துப் பொறுப்பில் உட்கார வைத்தார். 1902-ல் மாமா இறங்க, பிரதமர் நாற்காலியில் மருமகன் ஏறினார். சொந்தக்காரர்கள் நிறைந்த அந்த அமைச்சரவையை லண்டன்வாசிகள் 'ஹோட்டல் செசில்' என்றே அழைத்தார்கள்.

அந்தக் குடும்பத்தில் நான் மனதார மதிக்கும் ஒருவர் உண்டு. மூன்றாவது சாலிஸ்பரியின் மகன்களில் ஒருவரான ராபர்ட் செசில். மூத்தவர் அல்லாததால் அப்பாவின் பட்டம் அவருக்கு வரவில்லை. தேர்தலில் நின்றார், 1910-ல் தோற்றார், 1911-ல் ஹிட்சின் இடைத்தேர்தலில் மீண்டும் வென்றார். ஐ.நா. சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்துக்காக உழைத்து, 1937-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார்.