பஸ் ஏறவே பயமா இருக்கு, இது மாறுமா?

கேள்வி: வெள்ளவத்தையில இருக்கிறன், வயசு 34, கொள்ளுப்பிட்டியில எக்கவுண்ட்ஸ் வேலை. எட்டு மாசத்துக்கு முதல் 100ஆம் நம்பர் பஸ்ஸில சனத்துக்க நிண்டு போகேக்க திடீரெண்டு நெஞ்சு அடிச்சு, மூச்சு முட்டி, கை விறைச்சு, செத்திடுவன் போல இருந்துது. ஈசிஜி, தைரொயிட் எல்லாம் நோர்மல். அதுக்குப் பிறகு ஓட்டோவிலதான் போறன். வெளியில மீட்டிங் போகோணும் எண்டதால புரமோஷனையும் வேண்டாமெண்டிட்டன். தோழி தந்த அல்பிரசோலம் எண்ட பதட்டக் குளிசை எப்பவும் ஹாண்ட்பேக்கில இருக்கு. பஸ்ஸில மயங்கி விழுந்திடுவனோ எண்டுதான் பெரிய பயம்.

பதில்: தங்கச்சி, மாறும். ஆனா பயம் போன பிறகு பஸ் ஏறுவம் எண்டு காத்திருந்தா மாறாது, ஏறினாத்தான் பயம் போகும்.

உங்களுக்கு வந்தது பனிக் அட்டாக். உடம்பு ஆபத்து எண்டு நினைச்சு அட்ரினலினை அள்ளி விடுது, நெஞ்சு அடிக்குது. நீங்க மூச்சை இழுத்து இழுத்து விட இரத்தத்தில கரியமில வாயு குறைஞ்சு கை விறைக்குது, அவ்வளவுதான். பத்து நிமிசத்துக்குள்ள உச்சத்துக்குப் போய்ப் பிறகு தானா இறங்கும். அண்டைக்கு நடுவில இறங்கி ஓடியிருப்பீங்க எண்டு நினைக்கிறன், அதனால மூளை "இறங்கினதாலதான் தப்பினன்" எண்டு படிச்சு வைச்சிருக்கு. ஒவ்வொரு ஓட்டோவும் அந்தப் பாடத்தைத் திரும்பப் படிப்பிக்குது.

மயங்கி விழுறதைப் பற்றி. பனிக்கில பிரஷர் ஏறும், இறங்காது, அதால பஸ்ஸில மயங்கி விழ வாய்ப்பு மிகக் குறைவு. ஒரே ஒரு கூட்டம் வேற, இரத்தம் ஊசி கண்டா பயப்பிடுற ஆக்கள். அவங்களுக்கு முதல் ஏறி, பிறகு பிரஷர் சடாரெண்டு விழும், உண்மையாவே மயங்குவாங்க. அவங்களிட்ட போய் "ரிலாக்ஸ் பண்ணு, மூச்சை மெல்ல விடு" எண்டா இன்னும் கெதியா விழுவாங்க, இதை எத்தினை லாப்பில எத்தினை தரம் சொன்னாலும் கேக்கிறாங்க இல்லை. அவங்க செய்ய வேண்டியது எதிர்: கை, கால், வயிறு மூண்டையும் முகம் சூடாகுற வரைக்கும் 10, 15 செக்கன் இறுக்கிப் பிடிச்சு, விட்டு, அரை நிமிசம் பொறுத்துத் திரும்ப இறுக்கிறது, அஞ்சு தரம். நீங்க அந்தக் கூட்டம் இல்லை, ஆனா வீட்டில யாரும் இருந்தா சொல்லி வைங்கோ.

இனி பஸ். ஞாயிறு காலமை சனம் இல்லாத நேரம் ஏறிப் பம்பலப்பிட்டியில இறங்குங்கோ. தண்ணிப் போத்தல், ஹஸ்பண்டோட போன் கோல், கதவுக்குப் பக்கத்து சீட் எல்லாம் ஊன்றுகோல், அதுகளையும் ஒவ்வொண்டா விடுங்கோ. பயம் பத்துக்கு எத்தினை எண்டு ஏற முதலும் இறங்கின பிறகும் எழுதுங்கோ. நடுவில வந்தா இறங்க வேண்டாம், இருந்து பாருங்கோ, அதுதான் மருந்து. கிழமையில நாலஞ்சு நாள் அதே தூரம், அலுப்பு வரும் வரைக்கும், பிறகுதான் கொள்ளுப்பிட்டி, பிறகுதான் ஒஃபிஸ் நேர நெரிசல்.

ஹாண்ட்பேக் குளிசையை விடுங்கோ. அதைப் போட்டிட்டு ஏறினா மூளை குளிசையாலதான் தப்பினன் எண்டு படிக்கும். பழகியும் போகும். நாளாந்தம் கிழமைக்கணக்கா போட்டிருந்தா திடீரெண்டு நிப்பாட்டாதீங்கோ, வலிப்பு வரலாம், டொக்டரோட சேந்து குறைக்கோணும். மருந்து தேவைப்பட்டா டொக்டர் சேர்ட்ரலின் மாதிரி ஒண்டு தருவார், முதல் கிழமைகள்ல பதட்டம் கொஞ்சம் கூடலாம், வேலை செய்ய பொதுவா நாலு தொடக்கம் ஆறு கிழமை எடுக்கும், பயந்து நாலாம் நாளே விடாதீங்கோ.

இப்ப என்ட கோபத்துக்கு வாறன். "மூண்டு நாளில பயம் போகும்" எண்டு பேஸ்புக்கில போடுறவங்கள், ஆறு மாச டிப்ளோமாவோட கவுன்சிலர் போர்ட் மாட்டினவங்கள், இருபது செஷனுக்கு முன்காசு கேக்கிறவங்கள், உங்கட நெருங்கின ஆக்கள் ஆரோ செய்வினை செய்திருக்கினம் எண்டு சொல்லி ஆயிரக்கணக்கில கறக்கிறவங்கள், எல்லாரும் உங்கட மாதிரி ஆக்களைத்தான் தேடித் திரியிறாங்கள். பாக்கப் போறவர் டொக்டர் எண்டா இலங்கை மருத்துவ சபையில பதிவு இருக்கா எண்டு பாருங்கோ. கவுன்சிலர் எண்டா என்ன படிச்சவர், எத்தினை செஷன், வீட்டில நான் என்ன செய்யோணும் எண்டு கேளுங்கோ. மூண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாட்டி எழும்பி வாங்கோ.

பிரைவேட்டில டொக்டரைச் சனல் பண்ணிப் போனா காசைக் கட்டி ரெண்டு மணித்தியாலம் இருந்து அஞ்சு நிமிசம் கிடைக்கும். களுபோவில ஆஸ்பத்திரி மனநல கிளினிக் இலவசம், உங்களுக்குக் கிட்டவும், ஆனா தமிழ் கதைக்கிற ஆள் கிடைக்கிறது அதிர்ஷ்டம், கொழும்பில இவ்வளவு தமிழ்ச் சனம் இருந்தும் இதுதான் நிலைமை. மனநல ஆஸ்பத்திரி இருக்கிற இடம் எண்டதால "அங்கொட" எண்டதையே ஏச்சா வைச்சிருக்கிற ஊர் இது, 1873இல வெள்ளைக்காரன் போட்ட பைத்தியச் சட்டத்தோட தலைமுறையா ஓட்டினாச் சனம் கூச்சப்படாம என்ன செய்யும்? நீங்க கூச்சப்படாதீங்கோ. வாழ்க்கையே வேண்டாமெண்ட நினைப்பு வந்தா தேசிய மனநல உதவி போன் நம்பர் 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம், காசில்லை, தமிழ் கதைக்கிற ஆள் வேணுமெண்டு எடுத்த உடனே கேளுங்கோ.

புரமோஷன் திரும்ப வந்தா உடனே மாட்டன் எண்டு சொல்லாதீங்கோ, ஒரு மாசம் டைம் கேளுங்கோ. அதுக்கிடையில கொள்ளுப்பிட்டி வரைக்கும் பஸ்ஸில போயிருப்பீங்க.