மருத்துவர் பதில்: மாத்திரை போட்டேனா, இல்லையா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 48. ஊர் குடியாத்தம். ஒன்பது வருடமாக முடக்குவாதம். வேலூரில் காட்டி, வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்ஸேட், மற்ற நாட்களில் ஃபோலிக் ஆசிட், ஹைட்ராக்ஸி குளோரோகுயின், வயிற்றுக்கு பேன்டோப்ரசோல், இரவில் தூக்கத்துக்கும் வலிக்கும் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் போடுகிறேன். உடம்பு அரித்தால் மெடிக்கலில் அவில் வாங்கிப் போட்டுக்கொள்வேன். வாரத்தில் நாலு நாளாவது அரிப்பு வரும். மூட்டு வலி முன்பைவிடத் தேவலை. ஆனால் ஒன்றரை வருடமாகத் தலைக்குள் பஞ்சை அடைத்த மாதிரி இருக்கிறது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறேன். கெங்கையம்மன் சிரசு திருவிழா அன்று வீட்டுக்கு வந்த நாத்தனார் மகளின் பெயரே வாயில் வரவில்லை. பின்னால்தான் தானாக வந்தது. பன்னிரண்டு வருடமாக மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் ஒருவர் கட்டிய 500 ரூபாயை எழுத மறந்துவிட்டேன். ஆளாளுக்கு ஒரு பேச்சு பேசினார்கள். பணத்தை என் கையிலிருந்து போட்டேன். போன மாதம் வார மாத்திரையைப் போட்டேனா என்று சந்தேகம் வந்து, மறுநாளும் போட்டுவிட்டேன். என் அம்மாவுக்குக் கடைசி காலத்தில் என்னையே அடையாளம் தெரியவில்லை. எனக்கும் அதுதான் ஆரம்பமா? குழுப் பொறுப்பை விட்டுவிடவா? வல்லாரை மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் 500 ரூபாயைப் பற்றி ஏழெட்டு வரி இருக்கிறது. இங்கே இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். மாத்திரையை இரண்டு முறை போட்டதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். என்னைப் பயமுறுத்தியது அந்த ஒரு வரிதான். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மெத்தோட்ரெக்ஸேட் முடக்குவாதத்துக்கு வாரத்தில் ஒரே நாள் போடும் மருந்து. அந்த ஒரு நாள் இரண்டு நாளாகவோ, தினமுமாகவோ ஆனால் எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உற்பத்தியாவது குறையும். வாயில் புண், தொண்டை வலி, காய்ச்சல், ஈறில் ரத்தம், தோலில் கருநீலத் திட்டு, நிற்காத வயிற்றுப்போக்கு இதெல்லாம் அதன் அடையாளங்கள். போன மாதம் நடந்ததால் இப்போது உங்களுக்கு இவற்றில் எதுவும் இல்லையென்றால் பதற வேண்டாம். ஆனால் மூன்று மாதச் செக்கப் வரை காத்திருக்காமல் இந்த வாரமே ரத்த அணுக்கள், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கல்லீரல் சோதனை மூன்றையும் பார்த்துவிடுங்கள். இனிமேல் எப்போதாவது கூடுதலாகப் போட்டுவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறேன் என்று வீட்டில் இருக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதற்கு முறிவு மருந்து இருக்கிறது, ஆனால் சீக்கிரம் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

இதற்கு ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் போடாதீர்கள். ஒரு வாரம் மாத்திரை விட்டுப்போனால் மூட்டு கொஞ்சம் முணுமுணுக்கும், அவ்வளவுதான். இரட்டிப்பாகப் போனால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சந்தேகமே வராமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். உங்கள் வீட்டுச் சுவரில் தினமும் தாள் கிழிக்கும் காலண்டர் இருக்கும். மாதம் பிறந்ததும் அந்த மாதத்து வியாழக்கிழமைத் தாள்களில் மட்டும், அந்தந்த வார மாத்திரையை அட்டையோடு வெட்டிச் சின்ன காகித உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். வியாழனோ, ஞாயிறோ, உங்களுக்குச் சொல்லியிருக்கும் கிழமை எதுவோ அது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் வந்து போவார்கள் என்றால் காலண்டரை அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். உறை காலியாக இருந்தால் போட்டாயிற்று. மீதி அட்டையை உங்கள் கணவர் தன் பீரோவில் வைத்திருக்கட்டும், தினசரி மாத்திரை டப்பாவுக்குள் அது வரவே கூடாது. ஞாபகத்தை நம்பாமல் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிற ஏற்பாடு இது. இன்னொன்று, சளி, சிறுநீர்த் தொற்று என்று வேறு டாக்டரிடம் போனால் வார மாத்திரை போடுவதை முதலில் சொல்லுங்கள். கோட்ரைமாக்ஸசோல் என்ற சல்ஃபா மருந்து இதோடு சேரவே கூடாது. வெயிலில் பேதி, வாந்தி வந்து உடம்பில் நீர் வற்றினாலும் இந்த மருந்து உடம்பில் தங்கிவிடும். அந்த வாரம் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

சரி, இப்போது உங்கள் பயத்துக்கு வருவோம்.

நீங்கள் கணக்கு எழுதுகிறவர், அதனால் உங்கள் கணக்கு நோட்டை வைத்தே சொல்கிறேன். ஒரு வரவு நோட்டில் இல்லை என்றால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். எழுதிய பக்கம் கிழிந்து போயிருக்கலாம், அல்லது அந்த வரவை எழுதவே இல்லாமல் இருக்கலாம். உங்கள் அம்மாவுக்கு வந்தது முதல் வகை என்று தோன்றுகிறது. எழுதி வைத்த பக்கங்களே ஒவ்வொன்றாகப் போய்விடும். நாம் எவ்வளவு குறிப்புக் கொடுத்தாலும் திரும்பி வராது. பெரும்பாலும் அவர்களுக்குத் தாம் மறக்கிறோம் என்பதே தெரியாது, வீட்டில் இருப்பவர்கள்தான் கவலைப்பட்டு அழைத்து வருவார்கள். உங்களுக்கு நடப்பது இரண்டாவது வகை. அன்று அந்த உறுப்பினர் 500 ரூபாயைக் கொடுத்தபோது உங்கள் விரல் வலித்துக்கொண்டிருந்திருக்கும், பக்கத்தில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள், முந்தின இரவு சரியான தூக்கம் இருந்திருக்காது. மூளை அந்த வரவைப் பதியவே இல்லை. பதியாததை எப்படித் தேடி எடுப்பது? நாத்தனார் மகளின் பெயர் பின்னால் தானாக வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பக்கம் கிழிந்திருந்தால் அது வந்திருக்காது.

இந்தப் பஞ்சடைத்த நிலையைத்தான் பிரெய்ன் ஃபாக் என்கிறார்கள். தமிழில் மூளை மூட்டம் என்று எழுதுகிறார்கள். முடக்குவாதம் மூட்டோடு நின்றுவிடும் நோய் அல்ல. காய்ச்சல் அடிக்கும்போது தலை மந்தமாகி, ஒரு வாக்கியத்தைக்கூட யோசித்துப் பேச முடியாமல் போகிறது இல்லையா? அழற்சியின்போது உடம்பின் எதிர்ப்பு சக்தி வெளியிடும் சில ரசாயனங்கள் மூளைக்குப் போய்ச் சேருவதும் அதற்கு ஒரு காரணம். முடக்குவாதத்தில் அதே போன்ற ரசாயனங்கள் குறைந்த அளவில் நாள்தோறும் ஊறிக்கொண்டே இருக்கின்றன. அதற்கு மேல் வலி. வலி என்பது பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் பேசுகிற ஆள் மாதிரி, கவனத்தில் பாதியை அதுவே வாங்கிக்கொள்ளும். உங்கள் சோம்பலோ அக்கறையின்மையோ இதில் துளியும் இல்லை.

ஆனாலும் எல்லாவற்றையும் முடக்குவாதத்தின் தலையில் போட்டுவிட எனக்கு மனம் இல்லை. ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே சரி செய்யக்கூடிய காரணங்கள் சில தெரிகின்றன.

முதலில் அவில். மெடிக்கலில் கேட்டால் கிடைக்கிற மாத்திரைதானே என்று நினைக்கிறோம். அது தூக்கக் கலக்கம் தருவதோடு, ஞாபகத்துக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையையும் மூளையில் தடுக்கும். அமிட்ரிப்டிலினும் அதே வேலையைச் செய்யும். இரண்டும் ஒரே இரவில் சேர்ந்தால் மறுநாள் மதியம் வரை தலை தெளியாமல் இருப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அவிலை நிறுத்திவிட்டு, அரிப்புக்குக் காரணத்தையும் அவ்வளவாகத் தூக்கம் வராத வேறு மாத்திரையையும் டாக்டரிடம் கேளுங்கள். அமிட்ரிப்டிலினை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது. அளவையோ நேரத்தையோ மாற்றலாமா என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள்.

அடுத்தது பேன்டோப்ரசோல். எத்தனை வருடமாகப் போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. வருடக்கணக்கில் போட்டால் உணவிலிருக்கும் வைட்டமின் பி12 உடம்பில் சேருவது குறையலாம். பி12 குறைந்தால் மறதி, கால் மதமதப்பு, நாக்கு எரிச்சல் வரும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பி12 குறைவு வழக்கமாக ரத்தசோகையாக வெளியே தெரியும். ஆனால் நீங்கள் ஃபோலிக் ஆசிட் போடுவதால் பி12 குறைந்திருந்தாலும் ரத்தம் நன்றாக இருப்பது போலக் காட்டலாம், உள்ளே நரம்பு பாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கலாம். அதற்காக ஃபோலிக் ஆசிட்டை விட்டுவிடாதீர்கள், அது வார மாத்திரையின் தொல்லைகளிலிருந்து உங்களைக் காக்கிறது. பி12 அளவைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே தைராய்டுக்கான டிஎஸ்ஹெச். முடக்குவாதம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவு சேர்ந்து வருவது சகஜம், அதுவும் இதே மந்தத்தைத் தரும். சர்க்கரை, சோடியம், ஹீமோகுளோபின், அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி இவற்றையும் அதே ரத்தத்தில் பார்த்துவிடலாம். வேலூர் போக முடியாத வாரம் என்றால் குடியாத்தம் அரசு மருத்துவமனையில் காட்டி, எவற்றை அங்கேயே பார்க்கலாம் என்று கேளுங்கள்.

48 வயது என்பதால் மாதவிலக்கு நிற்கும் காலமாகவும் இருக்கலாம். இரவில் வியர்த்து எழுந்துகொள்கிறீர்களா, தூங்கும்போது சத்தமாகக் குறட்டை வருகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா, முன்பு பிடித்தவை இப்போது பிடிக்காமல் போய்விட்டனவா? இந்தக் கேள்விகளுக்கான பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் உண்டு. மன அழுத்தம் என்று டாக்டர் சொன்னால், என்னைப் பைத்தியம் என்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்பது வருடம் வலியோடு வாழ்கிறவரின் மனம் சோர்ந்து போவதும் உடம்பின் நோய்தான். வார மாத்திரை போட்ட மறுநாள் மட்டும் மந்தம் கூடுகிறது என்றால் அதையும் குறித்துக்கொண்டு சொல்லுங்கள். சிலருக்கு அப்படி வரும். இரவில் போடுவது, ஃபோலிக் ஆசிட் அளவை மாற்றுவது என்று வழிகள் இருக்கின்றன.

வல்லாரையைக் கீரையாக, துவையலாகத் தாராளமாகச் சாப்பிடுங்கள். மாத்திரை, பொடி, ஞாபகசக்தி டானிக் வேண்டாம். கல்லீரலைச் சோதித்துச் சோதித்து எடுக்கும் மருந்து உங்களுடையது. அதோடு உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத எதையும் சேர்க்கக் கூடாது.

குழுப் பொறுப்பை விடாதீர்கள். பன்னிரண்டு வருடம் ஒரு ரூபாய் குறையாமல் கணக்குக் காட்டியவர் நீங்கள். விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் மூளைக்கும் நல்லதில்லை, மனதுக்கும் நல்லதில்லை. வேலை செய்யும் முறையை மட்டும் மாற்றுங்கள். பணத்தைக் கையில் வாங்கிய பிறகு எழுதுகிற வழக்கத்தை விட்டு, பெயரையும் தொகையையும் முதலில் எழுதி, கட்டுபவர் கையெழுத்துப் போட்ட பிறகு பணத்தை வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உங்கள் முன்னால் உட்கார வேண்டும். கணக்கை இன்னொரு உறுப்பினர் கூட்டிப் பார்க்கட்டும். இது உங்கள் மேல் சந்தேகப்படுவது ஆகாது, எல்லாக் குழுவுக்கும் இருக்க வேண்டிய பாதுகாப்பு. கூட்டம் மாலை ஆறு மணிக்கு என்றால் காலை பதினொரு மணிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடக்குவாதம் உள்ள பலருக்குக் காலை விறைப்பு விட்ட பிறகு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் உள்ள நேரம்தான் தலை தெளிவாக இருக்கும். காசு, கணக்கு, பேங்க் வேலை எல்லாம் அந்த நேரத்துக்கு. துணி மடிப்பது, கீரை ஆய்வது மற்ற நேரத்துக்கு. களைத்துப் போன பிறகு ஓய்வெடுக்காமல், களைக்கும் முன்பே பத்து நிமிடம் சாயுங்கள்.

பால் அடுப்பில் இருக்கும்போது சமையலறையை விட்டு வரக் கூடாது. வரத்தான் வேண்டுமென்றால் கரண்டியைக் கையோடு எடுத்து வாருங்கள். கையில் கரண்டி இருக்கும் வரை அடுப்பு ஞாபகத்தில் இருக்கும். கேஸை மூடும்போது "கேஸை மூடிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், காதில் விழுவது கூடுதலாகப் பதியும். விடியற்காலையில், வெயில் ஏறும் முன், மூட்டு அனுமதிக்கும் அளவுக்கு நடங்கள். நம் பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தண்ணீர் குறைந்தாலே தலை மந்தமாகும். சிரசு திருவிழா வைகாசி முதல் தேதி. கத்திரி வெயில், வீடு நிறைய விருந்தாளிகள், முந்தின இரவு தூக்கமில்லை. அன்றைக்குப் பெயர் வராமல் போனதை வைத்து உங்களை எடை போடாதீர்கள்.

உங்கள் மகன் தினமும் "நேத்து என்ன சமைச்சீங்க சொல்லுங்க" என்று பரீட்சை வைப்பதாக எழுதியிருந்தீர்கள். தம்பி, அம்மா மேல் இருக்கும் பாசத்தால் கேட்கிறீர்கள், தெரிகிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். பயத்தில் இருக்கும் மூளை இன்னும் குறைவாகத்தான் பதியும். பரீட்சையை டாக்டர் வைக்கட்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில், தமிழிலேயே, 30 மதிப்பெண்ணுக்கு ஒரு நினைவாற்றல் சோதனை இருக்கிறது. அம்மாவின் பயம் தீர அதைச் செய்துவிடலாம். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து மறுபடி செய்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இவை நடந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, ஒரே கேள்வியைக் கேட்டது தெரியாமல் திரும்பத் திரும்பக் கேட்பது, காசை எண்ணவே தெரியாமல் போவது என்றால் சில நாட்களுக்குள் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். காய்ச்சலோடு குழப்பம், விடாத தலைவலி, வலிப்பு வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. உங்கள் வார மாத்திரை போல எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவருக்கு மூளைக்காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. வாய் கோணுவது, ஒரு பக்கக் கை தளர்வது, பேச்சு குளறுவது திடீரென்று வந்தால் 108. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது.

அடுத்த முறை வேலூர் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், எப்போதாவது போடும் அவில் உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போய் டாக்டர் மேசையில் கொட்டுங்கள். கணவரையும் கூட அழைத்துப் போங்கள். டாக்டர் சொல்வதை அவர் ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும், கிளம்பும் முன் அதை டாக்டரிடம் ஒருமுறை படித்துக் காட்டட்டும்.